ஏழு படிகளும் அரை நிமிடமும்

இந்த மாலைப் பொழுதுக்கு மாண்பு சேர்க்க வந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே! தலைவருக்கு வலப்புறம் கோப்புகளோடும் இடப்புறம் குடிநீர்க் குவளைகளோடும் அமர்ந்திருக்கும் மன்ற உறுப்பினர்களே! புதிய தடத்தைப் போட்டு முடித்த பூரிப்போடு வந்திருக்கும் பொறியாளர் தம்பி அவர்களே! இந்தத் துறைமுகத்தைத் தோளில் சுமந்து, இன்று அந்தத் தோளுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கும் பெரியவர்களே! வீட்டில் அத்தனை பேருக்கும் சாப்பாட்டு டப்பாவைக் கட்டிக் கொடுத்துவிட்டு, தங்கள் டப்பாவைக் கடைசியாக மூடிக்கொண்டு வேலைக்கு ஓடும் தாய்மார்களே! முன்வரிசையில் உட்கார்ந்து, நான் வாயைத் திறப்பதற்கு முன்பே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட என் அருமைக் கணவர் அவர்களே! உங்கள் அனைவரையும் இரு கை குவித்து வணங்குகிறேன்.

நம் படியடி ஊர் மக்களுக்கு என்னைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் ரயில் கொடிக்காரி. கீழே வந்து நிற்கும் துறைமுக வண்டியின் கதவும், மேலே வந்து நிற்கும் நகர வண்டியின் கதவும் நேருக்கு நேர் பார்த்துக்கொள்ளும்வரை பச்சையையும் சிவப்பையும் அசைத்துக்கொண்டிருப்பதே என் வேலை. இருபத்தெட்டு ஆண்டுகள் அசைத்தேன். இந்தக் கை இப்போது மேடையில் சும்மா ஆடுகிறதே என்று யாரும் பயப்பட வேண்டாம், பழக்கம்.

கொடிக்காரிக்கு இந்த மேடைத் தமிழ் எங்கிருந்து வந்தது என்று சிலருக்குத் தோன்றலாம். ஒரு வண்டி போய் மறு வண்டி வரும்வரை நாற்பது நிமிட இடைவெளி. எதிரே படிப்பகம். இருபத்தெட்டு ஆண்டுகளின் நாற்பது நிமிடங்களை ஒன்றாகச் சேர்த்துப் பாருங்கள்; ஒரு பல்கலைக்கழகமே வரும்!

தலைவர் அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. தொழிலால் அவர் பல் மருத்துவர். வாயைத் திறந்த எவரையும் பேசவிடாத தொழில்! அப்பேர்ப்பட்டவர் இன்று என்னை வாய் திறக்கச் சொல்லி, பேசவும் விட்டிருக்கிறார் என்றால் அந்தப் பெருந்தன்மையை என்னவென்று சொல்வேன்? பத்து நிமிடம் என்றார். நான் சிரித்தேனே தவிர, சரி என்று சொல்லவில்லை என்பதைச் சபைக்கு நினைவூட்டுகிறேன்.

எதற்காகக் கூடியிருக்கிறோம்? வருகிற திங்கட்கிழமை முதல் துறைமுகத்திலிருந்து நகர நிலையத்துக்கு ஒரே வண்டி. இறங்க வேண்டாம், ஏற வேண்டாம். பதினோரு நிமிடம். பாராட்டுகிறேன், வாழ்த்துகிறேன், கைதட்டுகிறேன்! ஆனால் அந்த வண்டி இடையில் எங்கும் நிற்காதாம். நடுவில் இருக்கும் படியடியிலும் நிற்காதாம். நிற்க வேண்டும் என்கிறோம். எவ்வளவு நேரம்? அரை நிமிடம். அந்த வண்டியின் கால அட்டவணை இதோ தலைவரின் மேசையில் இருக்கிறது, இன்று அவர் கையெழுத்துப் போட வேண்டிய தாள். அந்தத் தாளில் அரை நிமிடம் கேட்கத்தான் உங்கள் முன் நிற்கிறேன்.

கேட்பவள் வெறுங்கையோடு வரவில்லை, வரலாற்றோடு வந்திருக்கிறேன்.

இந்த ஊருக்கு முதலில் துறைமுகமே கிடையாது. கடல் இருந்தது, கரை இருந்தது, கப்பல் இருந்தது. மூன்றும் ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தன! கப்பல் அரை மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். படகு போய் ஆளை ஏற்றி வரும். படகும் கரைவரை வராது. கடைசி இருபது முழத்துக்குத் துரை என்றாலும் துரைசாணி என்றாலும் படகோட்டியின் தோளில் ஏறித்தான் வர வேண்டும். வரலாற்றுப் புத்தகத்தில் "தரையிறங்கினார்" என்று கம்பீரமாகப் போட்டிருக்கும். எப்படி இறங்கினார்? நம் ஆளின் கழுத்தை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு இறங்கினார்! நம்மை ஆள வந்தவர்கள் அத்தனை பேரையும் முதலில் நாம்தான் தூக்கி வந்தோம். அன்றைக்கே நடுக்கடலில் நழுவ விட்டிருக்கலாமே என்று பின்வரிசையில் ஒரு தம்பி கேட்கிறார். விட்டிருக்கலாம் தம்பி. ஆனால் சுமையை நழுவவிடுவது நம் தொழிலில் கிடையாது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பிறகு பாலம் வந்தது, பாறைச் சுவர் வந்தது, பாரந்தூக்கி வந்தது, பண்டகசாலை வந்தது. துறைமுகத்துக்குள் ஒரு தண்டவாளமும் வந்தது. அந்தப் பக்கம், மலையடிவாரத்துப் பஞ்சையும் தேயிலையையும் அள்ளிக்கொண்டு நகரத்துக்கு ஒரு ரயில்பாதை வந்தது. இரண்டுக்கும் நடுவே மூன்று மைல் சேறு! இருநூறு மைல் தூரத்தை ஒரே நாளில் ஓடி வந்த பஞ்சு மூட்டை, கடைசி மூன்று மைலுக்கு மாட்டுவண்டியில் ஒரு வாரம் மல்லுக்கட்டும். கப்பல் காத்திருக்கும். காத்திருந்து காத்திருந்து கோபித்துக்கொண்டு போய்விடும்.

ஆகவே இரு பாதையையும் இணைப்பது என்று முடிவாயிற்று. துறைமுகத்துக்கு ஒரு பொறியாளர் துரை, ரயிலுக்கு ஒரு பொறியாளர் துரை. இருவருமே கெட்டிக்காரர்கள். இருவருக்கும் ஒருவரையொருவர் கண்டால் ஆகாது. நேரில் பேச மாட்டார்கள். கடிதம் மட்டும் எழுதுவார்கள். "கடல் மட்டத்திலிருந்து இருபதடி உயரத்தில் சந்திப்போம்" என்று இவர் எழுதினார். "இருபதடிதான், சம்மதம்" என்று அவர் எழுதினார். வேலை தொடங்கிவிட்டது.

கடல் மட்டம் என்றால் எந்த மட்டம்? அதை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் கௌரவம் என்ன ஆவது? துறைமுகத்துக்காரருக்குக் கப்பலின் அடிவயிறு தரை தட்டக் கூடாது. அதனால் கடல் வற்றி வற்றிக் கடைசியில் எங்கே நிற்கிறதோ, அதுதான் அவருக்குப் பூஜ்யம். ரயில்காரருக்குக் கப்பலைப் பற்றி என்ன கவலை? கடலின் ஏற்றத்துக்கும் வற்றலுக்கும் நடுமட்டம்தான் அவருக்குப் பூஜ்யம். நம் கடலில் இந்தப் பூஜ்யத்துக்கும் அந்தப் பூஜ்யத்துக்கும் நடுவே நாலடி! துறைமுகத்துக்காரர் தம் பூஜ்யத்திலிருந்து இருபதடி அளந்தார். ரயில்காரர் தம் பூஜ்யத்திலிருந்து இருபதடி அளந்தார். இவர் அளவும் சரி, அவர் அளவும் சரி. இருவர் அளவும் சரியாக இருந்ததால்தான், ஐயா, தண்டவாளம் தப்பாகப் போயிற்று!

திறப்பு விழா நாளைக் கண்முன் கொண்டுவந்து பாருங்கள். கீழ்ப்பாதையில் மாலை போட்ட ஒரு வண்டி, உள்ளே கவர்னரின் மனைவி. மேல்பாதையில் மாலை போட்ட இன்னொரு வண்டி, உள்ளே வாத்தியக்குழு. இரண்டும் நெருங்குகின்றன, நெருங்குகின்றன, நிற்கின்றன. ஒன்று அண்ணாந்து பார்க்கிறது, ஒன்று குனிந்து பார்க்கிறது! நடுவே நாலடி மண் சுவர். வாத்தியம் நின்றுபோயிற்று. இரு பொறியாளர்களும் தத்தம் வரைபடத்தை விரித்து மூக்கை அதற்குள் நுழைத்துக்கொண்டார்கள். கவர்னரின் மனைவி ரிப்பன் வெட்டும் கத்தரிக்கோலோடு வாசலில் நிற்கிறார். இறங்கினால் சேறு, ஏறினால் சுவர்.

அப்போது அங்கே நின்ற ஒரு சுமைகாரர், ஊரில் குட்டைத்தோள் என்று பெயர், காலித் தேயிலைப் பெட்டி இரண்டைத் தூக்கி வந்து ஒன்றின் பக்கத்தில் ஒன்றாகப் போட்டார்.

"காலை வைங்கம்மா. பெட்டி காலிதான், ஆனா ஆளைத் தாங்கும்" என்றார்.

அந்த அம்மாளுக்குப் பாஷை புரியவில்லை. நீட்டிய கை புரிந்தது. ஏறினார். ரிப்பன் வெட்டினார். வாத்தியம் மறுபடி முழங்கியது! அந்தக் குட்டைத்தோள் என் கணவரின் கொள்ளுத்தாத்தா. ஏன் சிரிக்கிறீர்கள்? படியடியில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் "எங்க கொள்ளுத்தாத்தாதான்" என்பார்கள், தெரியும். சரி, எல்லோருக்கும் பொதுவாக வைத்துக்கொள்வோம். அவருக்கும் அதில் ஆட்சேபணை இருக்காது.

அதன் பிறகாவது சரி செய்தார்களா? பதினோரு ஆண்டுகள் கடிதம் எழுதினார்கள்! "உமது பாதையைத் தாழ்த்தும்" என்று கீழேயிருந்து ஒரு கடிதம். "உமது பாதையை உயர்த்தும்" என்று மேலேயிருந்து ஒரு கடிதம். கடல் கடந்து தலைமை அலுவலகம் வரை போய், பதில் கப்பலில் வந்து, அந்தப் பதில் கப்பலிலிருந்து இறங்கி, நம் ஆட்கள் தோளில் நாலடி ஏறி, நகரத்துக்குப் போகும்! இடையில் தேயிலைப் பெட்டிகள் உளுத்துப்போயின. கல்லால் ஏழு படி கட்டினார்கள். துரைகள் போனார்கள், நம் ஆட்சி வந்தது. கொடி மாறியது, தெருப் பெயர் மாறியது, அலுவலகத்துப் படங்கள் மாறின. ஏழு படியும் ஏழு படியாகவே இருந்தன. கோப்பும் அதே கோப்பு, கட்டியிருந்த கயிற்றை மட்டும் மாற்றினார்கள்.

அந்த ஏழு படிகளைச் சுற்றித்தான் நாம் பிறந்தோம். மூட்டை இறங்கும் இடத்தில் ஆள் வேண்டும், ஆள் இருக்கும் இடத்தில் டீ வேண்டும், டீ இருக்கும் இடத்தில் பேச்சு வேண்டும், பேச்சு இருக்கும் இடத்தில் சங்கம் வேண்டும். சங்கம் வந்தது, பள்ளிக்கூடம் வந்தது, மருத்துவமனை வந்தது. ஒரு தவறு தங்கிய இடத்தில் ஓர் ஊரே தங்கிவிட்டது!

தலைவர் ஒரு துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். "நேரம் கருதவும்." கருதுகிறேன் தலைவரே. கருதிக்கொண்டே பேசுகிறேன்.

இப்போது அந்த நழுவவிடாத கதை. கீழ்க்கூட்டம் துறைமுகத்து ஆட்கள், மேல்கூட்டம் ரயில் ஆட்கள். கீழ்க்கூட்டம் நாலாம் படிக்கு மேலே ஏறாது. மேல்கூட்டம் நாலாம் படிக்குக் கீழே இறங்காது. சுமை நாலாம் படியில்தான் கை மாறும். மாறும்போது கீழே இருப்பவர் கேட்பார், "வாங்கிட்டியா?" மேலே இருப்பவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், "வாங்கிட்டேன்." தலையாட்டினால் செல்லாது. ஏனென்றால் மூட்டைக்குப் பின்னால் தலை தெரியாது! "வாங்கிட்டேன்" என்ற சொல் காதில் விழும்வரை கையை விடக் கூடாது. கை இற்றுப்போனாலும் விடக் கூடாது.

இது படியோடு நின்றதா? வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. என் மூத்த மகள் பிறந்தபோது, வேறு ஊரிலிருந்து புதிதாக வந்திருந்த தாதி குழந்தையை என் கணவரிடம் நீட்டினார். இவர் மருத்துவமனையே அதிர "வாங்கிட்டேன்!" என்று ஒரு குரல் கொடுத்தார் பாருங்கள். தாதி பயந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார். குழந்தை அழுதது. அடுத்த படுக்கையில் இருந்த அம்மாள், "பாத்தியா, நம்ம படியடி ஆளு" என்றார். ஆமாம் ஐயா, முகத்தை மூடிக்கொள்ளாதீர்கள், அன்றைக்கு எனக்கு உங்கள் மேல் எவ்வளவு பெருமை தெரியுமா?

சரி, அந்தப் படிகளை இடித்துவிட்டார்களே, அதற்காக அழ வந்தேனா? அழ மாட்டேன்! மழைநாளில் ஈர மூட்டையோடு அந்தப் படியில் ஏறியவர்களின் முதுகைக் கேளுங்கள். அது ஆனந்தக் கூத்தாடும். பொறியாளர் தம்பி சரிவுப் பாதை போட்டு நாலடியைச் சமன் செய்தார். நூற்றிருபது ஆண்டு வழக்கை ஏழே மாதத்தில் முடித்தார். அவருக்கு இன்னொரு கைதட்டல் கொடுங்கள்! எங்கள் வருத்தமெல்லாம் ஒன்றுதான். தவறு இருந்தவரை எல்லா வண்டியும் எங்கள் ஊரில் நின்றது. தவறைத் திருத்தியதும் எங்களைத் தாண்டிப் போகிறேன் என்கிறது. இது என்ன நியாயம்?

என் நாத்தனாரை எடுத்துக்கொள்ளுங்கள். துறைமுகத்து உணவுக்கூடத்தில் சமையல் வேலை. முந்நூறு பேருக்குப் பொங்கிப்போடும் கை. ஆறாம் வரிசையில் நின்றுகொண்டு, "என்னை ஏன் அண்ணி இழுக்குற?" என்கிறாள். உன்னை இழுக்காமல் யாரை இழுப்பேன்? உட்கார். திங்கட்கிழமை வேலை முடித்து அவள் துறைமுகத்தில் வண்டி ஏறுவாள். வண்டி அவள் வீட்டுச் சுவரை ஒட்டியே போகும். மாடியில் காயும் தன் துணியை ஜன்னல் வழியே பார்ப்பாள். மழை தூறினால் அது நனைவதையும் பார்ப்பாள். இறங்க முடியாது! நகர நிலையம்வரை போய் இறங்கி, ஒரு மைல் திரும்பி நடந்து தன் வீட்டுக்கு வர வேண்டும். காலையிலும் வீட்டிலிருந்து எதிர்ப்பக்கம் ஒரு மைல் நடந்து வண்டி ஏறி, தன் வீட்டைத் தாண்டி வேலைக்குப் போக வேண்டும். அவள் ஒருத்தியா? மருத்துவமனைத் தாதிமார், பண்டகசாலை எழுத்தர்கள், கப்பல் பழுதுபார்ப்பவர்கள், நகரத்தில் படிக்கும் பிள்ளைகள் என்று மூவாயிரம் பேர். மூவாயிரம் பேரும் தம் வீட்டுக்கே டாட்டா காட்டிக்கொண்டு போக வேண்டுமா?

போன மாதம் பொறியாளர் தம்பியிடம் கேட்டேன். நல்ல பிள்ளை, பொறுமையாகச் சொன்னார்.

"அரை நிமிஷம்னு சொல்றது சுலபங்கம்மா. வேகத்தைக் குறைக்கணும், நிக்கணும், திரும்ப வேகம் எடுக்கணும். எல்லாம் சேத்தா மூணு நிமிஷம் போயிடும். பதினோரு நிமிஷம்னு அறிவிச்சுட்டோமே."

நானும் யோசித்தேன். வண்டி விவகாரம் தெரிந்தவள் நான், வீம்புக்கு வழக்காட மாட்டேன். அவர் சொல்வது சரியென்றால் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான் என்று இருந்தேன். போன வாரம் மூன்று நாள் வெள்ளோட்டம் விட்டார்கள். என் பழைய கொடிக்கூண்டில் போய் உட்கார்ந்து பார்த்தேன். அங்கே கண்டதைத்தான் இப்போது சபையில் வைக்கப்போகிறேன்.

படியடியில் அந்தச் சரிவும், பழைய பண்டகசாலைச் சுவரைச் சுற்றும் வளைவும் ஒரே இடத்தில் வருகின்றன. வண்டி அங்கே ஆள் நடக்கும் வேகத்தில்தான் ஏற முடியும். நம் டீக்கடைக்காரர், ஆறாத டீ என்றால் எல்லோருக்கும் தெரியும், கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஓட்டுநர் ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"அண்ணே, ஒண்ணு குடுங்க."

கண்ணாடிக் கிளாசை எடுத்துக்கொண்டு வண்டியோடு நடந்தார் கடைக்காரர். "வாங்கிட்டியா?"

"வாங்கிட்டேன்."

ஐயா, அந்த டீயை அவசரமாகக் குடிக்க மனிதப் பிறவியால் முடியுமா? ஊதினார், ஒரு வாய் குடித்தார், ஊதினார், "சக்கரை கம்மிண்ணே" என்று குறையும் சொன்னார். கடைக்காரர் பக்கத்திலேயே நடந்துகொண்டு, "உன் உடம்புக்கு இது போதும்" என்று பதிலும் சொன்னார். காலிக் கிளாஸ் திரும்பி வந்தது. "வாங்கிட்டீங்களா?" "வாங்கிட்டேன்." அப்போதும் பண்டகசாலைச் சுவர் முடியவில்லை! அன்றைக்கும் வண்டி பதினோரு நிமிடத்தில் நகர நிலையம் போய்ச் சேர்ந்தது என்று பொறியாளர் தம்பியின் கடிகாரமே சொல்கிறது!

ஓட்டுநர் யார் என்று கேட்காதீர்கள், காட்டிக்கொடுக்க மாட்டேன். மேடையில் மூன்றாம் நாற்காலியில் ஒருவர் தம் செருப்பையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அவராகவும் இருக்கலாம், வேறு எவராகவும் இருக்கலாம். அந்தப் பிள்ளைமேல் நடவடிக்கை எடுத்தால் டீயை நான்தான் கொடுத்தேன் என்று எழுதிக் கொடுக்கத் தயார்!

அன்பர்களே, இப்போது கேட்கிறேன். வேகத்தை எங்களுக்காகக் குறைக்க வேண்டுமா? குறைந்துதான் இருக்கிறது! திரும்ப வேகம் எடுக்க எங்களுக்காக நேரம் வேண்டுமா? எடுத்துக்கொண்டுதான் இருக்கிறது! ஒரு கிளாஸ் டீ ஏறி இறங்கும் இடத்தில் என் நாத்தனார் ஏறி இறங்கக் கூடாதா? கிளாசுக்கு இருக்கும் உரிமை ஒரு தாதிக்கு இல்லையா, ஓர் எழுத்தருக்கு இல்லையா, புத்தகப் பையைச் சுமக்கும் பிள்ளைக்கு இல்லையா? வண்டி எங்கள் வாசலில் நின்றதற்குச் சமம், ஐயா. கதவுதான் திறக்கவில்லை! அந்தக் கதவைத் திறந்து மூட ஆகும் அரை நிமிடத்தைத்தான் கேட்கிறோம்.

கப்பலுக்கும் கரைக்கும் நடுவே தோள் கொடுத்தவர்கள் நாம். கரைக்கும் நகரத்துக்கும் நடுவே முதுகு கொடுத்தவர்கள் நாம். இரண்டு பொறியாளர்களின் இரண்டு பூஜ்யங்களுக்கு நடுவே நின்று, நூற்றிருபது ஆண்டுகள், ஒரு கண்ணாடிப் பெட்டியும் உடையாமல், ஒரு பஞ்சு மூட்டையும் நழுவாமல், இந்த நகரத்தைக் கை மாற்றி விட்டவர்கள் நாம்! அந்த நூற்றிருபது ஆண்டுகளுக்கு ஈடாக அரண்மனை கேட்டோமா? சிலை கேட்டோமா? எங்கள் பெயரை ஒரு தெருவுக்கு வையுங்கள் என்று கேட்டோமா? அரை நிமிடம் கேட்கிறோம். அதையும் இரவலாகக் கேட்கவில்லை. எங்களுடையதைத் திருப்பிக் கேட்கிறோம்!

மறுபடியும் சீட்டு வந்து கிடக்கிறது. எனக்குத் தெரியும் இதில் என்ன இருக்கும் என்று. "முடித்துக்கொள்ளவும்." முடித்துவிடுகிறேன் தலைவரே, இன்னும் ஒரே ஒரு கதை, துறைமுகத்துப் பாரந்தூக்கி ஒரு நாள்... என்ன? சீட்டைப் படிக்க வேண்டுமா? என் கணவரே எழுந்து நின்று "முதல்ல அதைப் படி" என்கிறார். கூட்டத்தில் அவர் எழுந்து நின்று நான் பார்த்ததே இல்லை. சரி, படிக்கிறேன். கண்ணாடி, கண்ணாடி... இதோ.

"நிறுத்தம் உண்டு. தாங்கள் அமர்ந்தால்தான் நான் எழுந்து அறிவிக்க முடியும்."

பொறுங்கள், பொறுங்கள். கை தட்டாதீர்கள். இன்னொரு தடவை படித்துக்கொள்கிறேன். சீட்டின் மூலையில் நேரம் போட்டிருக்கிறார், இது வந்து ஐந்து நிமிடம் ஆகிவிட்டதாம்! அரை நிமிடம் கேட்க வந்தவள் தலைவரின் ஐந்து நிமிடத்தை விழுங்கிவிட்டேன். மன்னியுங்கள் தலைவரே. பல் டாக்டரிடம் போகும்போதெல்லாம் பயந்துகொண்டுதான் போவேன். இனிமேல் சிரித்துக்கொண்டே வாயைத் திறப்பேன்.

ஆனால் ஒரு விண்ணப்பம். உட்காருவதற்கு முன் எங்கள் வழக்கப்படி இது கை மாற வேண்டும். தலையாட்டினால் செல்லாது என்று சொன்னேன் அல்லவா? இந்தக் கூட்டத்தைப் பார்த்து நீங்கள் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். ஆமாம், அதேதான். ஒலிபெருக்கியை உங்கள் பக்கம் திருப்புகிறேன்.

கேட்டுவிட்டார்! "வாங்கிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டார்! சொல்லுங்கள் படியடி மக்களே. இன்னும் சத்தமாக. பண்டகசாலைச் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்க வேண்டும். பொறியாளர் தம்பி, நீங்களும் சொல்லலாம், உங்களுக்கும் இதில் பங்கு உண்டு. நாத்தனாரே, உன் குரல்தான் முதலில் வந்தது, கேட்டேன்.

"வாங்கிட்டோம்" என்று மூவாயிரம் பேர் சொல்லிவிட்டீர்கள். என் காதில் விழுந்துவிட்டது. இனி நான் கையை விடலாம்.

கேட்டிருந்த பெரியவர்களுக்கும், பொறுத்திருந்த தலைவருக்கும், கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்ட என் கணவருக்கும் நன்றி. திங்கட்கிழமை காலை, படியடி நிலையத்தில், கதவு திறக்கும்போது சந்திப்போம். வணக்கம்!